தண்ணியைத் துடைச்சீங்களா

ஓரத்தில்தான் இருக்கிறது. நடுவில் இருந்திருந்தால் இத்தனை யோசனை வேண்டாம், பத்து மணிக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிருப்பேன். ஓரத்தில், கண்ணாடியின் வலது மூலையில், மற்ற துண்டுகள் எதனோடும் சேராமல், கல்யாணப் பந்தியின் கடைசி இலையில் யாருக்கும் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. பெண் வீட்டாரா, தெரியாது, மாப்பிள்ளை வீட்டாரா, தெரியாது, ஆனால் இலை போட்டாயிற்று. குண்டூசித் தலை அளவுகூட இல்லை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால்தான் தெரிகிறது, ஒரு தடவை தெரிந்த பிறகு வேறு எதுவும் தெரியமாட்டேன் என்கிறது. அது புற்றுநோய். அதில் சந்தேகமே இல்லை, கருத்துத் தடித்து ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிற அந்தச் செல்களைப் பார்த்தால் பெத்தாலஜி முதல் வருஷத்துப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். சந்தேகம் வேறு. அது யாருடையது? ஸ்லைடில் ஒட்டியிருக்கிற நம்பர் 1148. 1148 என்றால் பிரம்மசக்தி, வயது முப்பத்தொன்று, சாத்தான்குளம், கல்யாணமாகி எட்டு வருஷம், பிள்ளை இல்லை, சிகிச்சை தொடங்குவதற்கு முன்னால் கர்ப்பப்பைக்குள் சுரண்டி எடுத்து இந்த லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மற்ற துண்டுகள் அத்தனையும் நல்ல சதை, ரோஸும் ஊதாவுமாகப் பார்க்கவே லட்சணமாக இருக்கிறது. 'ஒன்றும் இல்லை' என்று எழுதினால் திங்கட்கிழமை அவளுக்கு ஊசி ஆரம்பிக்கும், ஊசியும் ஸ்கேனுமாக ஆறு மாசம் ஓடும், அந்தத் துண்டு அவளுடையதாக இருந்தால் அந்த ஆறு மாசத்தில் அது எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும். 'புற்றுநோய்' என்று எழுதினால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள், அந்தத் துண்டு அவளுடையது இல்லையென்றால், எடுத்ததை யாராலும் திருப்பி வைக்க முடியாது. ஒரு மணிக்கு ரிப்போர்ட் என்று சொல்லியிருக்கிறது. இப்போது பதினொன்று ஐந்து. 

அவளுடையது இல்லையென்றால் என்று நான் சும்மா சொல்லவில்லை. சதையை மெழுகில் பதித்துக் கட்டியாக்கிப் பின்னறையில் பொன்னுத்துரை கத்தியில் சீவுவார். வெங்காயச் சருகைவிட மெல்லிசாக நாடா நாடாக வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் நீங்கும், அப்புறம் அடியில் கண்ணாடியைக் கொடுத்து அலுங்காமல் ஏந்தி எடுக்க வேண்டும். ஒருவருடையது முடிந்ததும் தண்ணீரின் மேலே டிஷ்யூ பேப்பரால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவருடையதைத் தொட வேண்டும். துடைக்காவிட்டால் முந்தினவருடைய பிசிறு அங்கேயே மிதந்துகொண்டிருந்து அடுத்தவருடைய கண்ணாடியில் ஏறிக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை வரிசையில் 1148-க்கு முன்னால் 1147. அறுபத்து மூன்று வயது அம்மாள், அதே கர்ப்பப்பை, அதே சுரண்டல், முழுக்க முழுக்கப் புற்று. முன்னால் வந்தது ஒரு குடல்வாலாக இருந்திருக்கக் கூடாதா. குடல்வாலின் பிசிறு என்றால் பார்த்த மாத்திரத்தில் போ வெளியே என்று சொல்லியிருப்பேன். காலையில் இன்டர்காமில் கேட்டேன். "பொன்னுத்துரை, செவ்வாக்கிழம 1147 முடிஞ்சு தண்ணியத் துடைச்..." என்பதற்குள் அந்தப் பக்கத்தில் "துடைச்சேன் டாக்டர்" என்று வந்துவிட்டது. அவர் பதில் எப்போதும் அப்படித்தான், கேள்வி முடிவதற்குள் வந்து நிற்கும். லேபிள் ஒட்டினீங்களா, ஒட்டிட்டேன் டாக்டர். சாயத்தை மாத்தினீங்களா, மாத்திட்டேன் டாக்டர். இருபது வருஷமாக என்னோடு வேலை பார்க்கிற மனிதர் ஒரு தடவையாவது இல்லை டாக்டர் என்று சொல்லியிருக்கிறாரா என்றால், ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அதை இப்போது நினைக்க வேண்டாம். அதே மெழுகுக் கட்டியை இன்னும் ஆழமாகச் சீவிப் புது ஸ்லைடு போடச் சொல்லியிருக்கிறேன். சீவி, காயவைத்து, சாயம் ஏற்றிக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நானும் இந்தத் துண்டும்தான்.

திரும்பப் பார்க்கிறேன். குமிழைத் திருகி நல்ல சதையைத் தெளிவாக்கினால் அந்தத் துண்டு கொஞ்சம் கலங்குகிறது, துண்டைத் தெளிவாக்கினால் நல்ல சதை கலங்குகிறது. அப்படியென்றால் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை, மேலே வந்து படிந்திருக்கிறது, தண்ணீரில் வந்ததுதான், அப்பாடா. இன்னொரு தடவை திருகுகிறேன். இரண்டும் தெளிவாக இருக்கின்றன. என் கண்ணா, குமிழா, ஆசையா? அறுபதுக்கு மேல் வருகிற வகைப் புற்று இது, முப்பத்தொன்றில் வராது. வரக் கூடாது என்று சட்டமா என்ன? இருபத்தெட்டில் பார்த்திருக்கிறேன், அவள் ஒரு கான்ஸ்டபிள், அவளுடைய நம்பர் ஞாபகம் இருக்கிறது, முகம் தெரியாது. எனக்கு யாருடைய முகமும் தெரியாது, நான் ஆட்களைப் பார்க்கிற டாக்டர் இல்லை, ஆட்களிடமிருந்து எடுத்ததைப் பார்க்கிற டாக்டர். அதுதான் சௌகரியம் என்று நினைத்துத்தான் இந்தப் படிப்பை எடுத்தேன், யாரும் அழ மாட்டார்கள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், மைக்ரோஸ்கோப் ஒன்று போதும் என்று இருந்தேன். இன்றைக்குப் பார்த்து என் அறையின் கண்ணாடிக் கதவு வழியாக வரவேற்பில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி தெரிகிறாள். மடியில் மஞ்சள் பை, பக்கத்தில் யாரும் இல்லை. அது பிரம்மசக்திதான் என்று கவுண்டரில் இருக்கிற பிள்ளை சொன்னாள், "எட்டு மணிக்கே வந்துட்டாங்க மேடம், ஒரு மணிக்கின்னு சொல்லியும் போக மாட்டேங்காங்க." பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுக்கிறாள், குடிக்கவில்லை, திரும்ப உள்ளே வைக்கிறாள். சென்னைக்கு அனுப்பினால் யாருடைய சதை என்று பரிசோதித்துச் சொல்லிவிடுவார்களாம், படித்திருக்கிறேன். ஆனால் இத்தனூண்டுத் துண்டைக் கண்ணாடியிலிருந்து சுரண்டித்தான் எடுக்க வேண்டும், சுரண்டியும் ஒன்றும் வராமல் போனால் இருந்த ஒரே சாட்சியும் போய்விடும். கையில் ஒரு வளையல்தான் போட்டிருக்கிறாள், அதை மேலே ஏற்றுவதும் இறக்குவதுமாக இருக்கிறாள். ஏன் பார்க்கிறேன், மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டியதைப் பார்.

ஆறுமுகநயினாரை நினைக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நினைக்க வேண்டாம் என்று நினைத்த உடனேயே அவர் வந்து உட்கார்ந்துவிட்டார். பதினாறு வருஷம் ஆகிறது. டிராயிங் மாஸ்டர், வயது ஐம்பத்தெட்டு, சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த துண்டுகள், எல்லாம் நல்ல சதை, ஓரத்தில் ஒன்று மட்டும் கெட்டது. அன்றைக்கும் ஓரத்தில்தான். அப்போது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, வாயும் நீளம். பின்னறைக்குப் போய் எல்லோருக்கும் முன்னால் கத்தினேன், தண்ணியா இது சாக்கடையா, அடுத்தவன் சதைய மிதக்க விட்டுட்டு எவன் தலையில கட்டப் பாக்குதீங்க என்று கத்தினேன். பொன்னுத்துரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு "துடைச்சேன் டாக்டர்" என்றார். பொய் சொல்லாதீங்க என்றேன். "துடைச்சேன் டாக்டர்." மூன்றாவது தடவையும் சொன்னார். நான் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்கு வேண்டிய பதில் வருகிற வரைக்கும் நகரப்போவதில்லை என்பது என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "துடைக்கலையா இருக்கும் டாக்டர்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. மிதந்து வந்த பிசிறு, பொருட்படுத்த வேண்டாம், ஒன்றும் இல்லை, கையெழுத்து. அடுத்த வாரம் ஆறுமுகநயினார் ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தனுப்பியிருந்தார், ரிப்போர்ட் எழுதின டாக்டருக்கு என்று. இரண்டு தின்றேன், நன்றாக இருந்தது என்று சொல்லி மூன்றாவதும் எடுத்தேன். பதினாலு மாசம் கழித்து அவருடைய இடுப்பு எலும்பிலிருந்து எடுத்த ஒரு துண்டு என் மேஜைக்கு வந்தது. அதே செல்கள். அன்றைக்கு ஓரத்தில் இருந்தவர் வேறு ஆள் இல்லை, வீட்டுக்காரரேதான். பொன்னுத்துரை துடைத்திருந்தார். அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவ அறிக்கை சொல்லும்போதுகூட எல்லோரோடும் சேர்ந்து பொதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

பதினொன்று இருபத்தைந்து. போன் அடிக்கிறது. பிரம்மசக்தியை அனுப்பின டாக்டர் மீராபாய், என்னோடு ஒரே ஹாஸ்டலில் இருந்தவள். "ஹெப்சி, அந்தச் சாத்தான்குளத்துப் பொண்ணு ரிசல்ட் என்னாச்சு?" இன்னும் ஒரு ஸ்லைடு பார்க்கணும் என்கிறேன். "இருக்கா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லு. நீ எழுதுனா எழுதுனதுதான், அதுக்குத்தான உனக்கு அனுப்புதேன்." சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். போனை வைக்கிறேன். இருபத்தேழு வருஷத்தில் தெரியவில்லை என்று நான் எழுதியதே இல்லை. வேறு லேபுக்காரர்கள் மழுப்பி மழுப்பி எழுதுவதைப் பார்த்துக் கேலி பண்ணியிருக்கிறேன், முதுகெலும்பு இல்லாத ரிப்போர்ட் என்று. இன்னொரு தடவை சுரண்டி எடுக்கச் சொல்லலாம். ஆனால் அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால்? முளைத்திருந்த ஒரே இடம் முதல் சுரண்டலிலேயே வந்துவிட்டது என்றும் இருக்கலாமே. வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்று அப்போதும் சொல்ல முடியாது. சரி, அது அப்புறம். செவ்வாய்க்கிழமையை யோசி. செவ்வாய்க்கிழமை நாற்பத்தாறு மெழுகுக் கட்டிகள், பொன்னுத்துரை தனியாள், கூட இருக்கிற பெண் லீவு. நான் ஒரு தடவை அவரை இன்டர்காமில் கூப்பிட்டேன். எதற்குக் கூப்பிட்டேன்? ஒரு லேபிளில் மை கசிந்திருந்தது, அதற்கு. ஐந்து நிமிஷம் திட்டினேன். எத்தனை மணி? பத்தரை இருக்கும். 1147-ஐ எத்தனை மணிக்குச் சீவியிருப்பார்? அதுவும் பத்தரை வாக்கில்தான் இருக்கும். பேப்பரைக் கையில் எடுத்தவர் என் சத்தத்தைக் கேட்டுப் போட்டுவிட்டு ஓடிவந்து போனை எடுத்திருந்தால்? திட்டு வாங்கிவிட்டுத் திரும்பிப் போய், துடைத்தாயிற்று என்ற நினைப்பில் அடுத்ததைச் சீவியிருந்தால்? அப்படித்தான் நடந்திருக்கும். அப்படி நடந்திருந்தால் எவ்வளவு நல்லது. ஒரு மனிதர் தப்புப் பண்ணியிருக்க வேண்டும் என்று உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன், அதுவும் என்னால் பண்ணியிருக்க வேண்டும் என்று.

புது ஸ்லைடுகளைக் கவுண்டர் பிள்ளை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். ஆறு. நானே எண்ணிக்கொள்கிறேன், ஆறு. முதலாவதில் நல்ல சதை. ஓரம் காலி. இரண்டாவது, ஓரம் காலி. மூன்றாவது, நான்காவது, காலி. ஐந்தாவதில் கருப்பாக ஏதோ, குமிழைத் திருகிப் பார்க்கிறேன், சாயக் கட்டி. ஆறாவது காலி. இல்லை. எங்கேயும் இல்லை. சந்தோஷப்படலாமா? மெழுகுக்குள் இன்னும் ஆழத்தில் இல்லை என்றால் அது தண்ணீரில் வந்தது. அல்லது அது அவ்வளவு சின்னதாக இருந்து முதல் சீவலிலேயே தீர்ந்துபோயிற்று. ஆறுமுகநயினாருக்கும் ஆழமாகச் சீவினதில் ஒன்றும் இல்லை. எழுந்து பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுப் பார்த்தேன், பொன்னுத்துரை, தண்ணியைத் துடைச்சீங்களா. முகத்தில், 'இல்லை என்று சொல்லுங்கள்' என்கிற கெஞ்சல். நெற்றியைத் தளர்த்தி இன்னொரு தடவை கேட்டேன். இப்போது மிரட்டல். ஐம்பத்தைந்து வயதில் ஒரு கேள்வியை வெறும் கேள்வியாகக் கேட்க என் முகத்துக்குத் தெரியவில்லை. ஈரத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே பின்னறைக்குப் போனேன்.

கத்தியைக் கழற்றித் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் வந்தாலே எழுந்துவிடுவார், முட்டிவலி இருக்கிறது, வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. "உக்காருங்க பொன்னுத்துரை" என்றேன். உட்காரவில்லை. கண் என் முகத்தில் ஓடுகிறது, நான் ஸ்லைடைப் பார்ப்பது மாதிரியே பார்க்கிறார், எங்கே என்ன இருக்கிறது என்று. "செவ்வாக்கிழம..." என்று ஆரம்பித்தேன். அவர் வாய் திறக்கிறது. துடைச்சேன் என்று வரப்போகிறதா, துடைக்கலையா இருக்கும் என்று வரப்போகிறதா, எது வந்தாலும் அது என் முகத்திலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். எனக்குப் பயமாக இருந்தது. "சொல்லாதீங்க" என்றேன், "ஒரு நிமிசம் சொல்லாதீங்க." நின்றார். தண்ணீர்த் தொட்டி இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது, அப்போதுதான் துடைத்தது, ஒரு தூசி இல்லை. எப்படிச் சொல்ல வந்தேன் என்று தெரியவில்லை. "அந்த டிராயிங் மாஸ்டர். அன்னிக்கு நீங்க துடைச்சிருந்தீங்க. நான்தான் உங்கள இல்லன்னு சொல்ல வச்சேன்." கத்தியை மேஜையில் வைத்தார். "தெரியும் டாக்டர்" என்றார்.  "அவரோட எலும்பு வந்திச்சில்லா. நான்தான சீவுனேன். பேரப் பாத்தேன்." பதினைந்து வருஷம். தினமும் காலையில் வணக்கம் டாக்டர். அவ்வளவும் தெரிந்துகொண்டு வணக்கம் டாக்டர். எனக்கு அழுகை வந்தது, அழவில்லை, அதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது. அவராகவே உட்கார்ந்தார். "செவ்வாக்கிழம நீங்க ஒரு தடவ கூப்பிட்டிய. அது 1147-க்கு முன்னாலயா, பின்னாலயா, அதான் ஞாபகம் வரமாட்டேங்கு. காலைல இருந்து அதத்தான் யோசிக்கேன். துடைக்கது கைப்பழக்கம் டாக்டர், கை பாட்டுக்குத் துடைக்கும். துடைச்சேனா இல்லையான்னு எனக்குத் தெரியல." இருபது வருஷத்தில் அவர் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைவிட உண்மையான பதில் எனக்கு இனி யாரிடமும் கிடைக்காது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு எழுதி முடித்தேன். சந்தேகத்துக்கு இடமான ஒரு துண்டு, இந்த நோயாளியுடையதுதானா என்று உறுதி செய்ய இயலவில்லை, திரும்ப எடுத்து அனுப்பவும், அதுவரை சிகிச்சை தொடங்க வேண்டாம். முதுகெலும்பு இல்லாத ரிப்போர்ட். மீராபாயிடம் போனில் சொன்னேன், "நீயா ஹெப்சி இப்படி எழுதுத?" என்றாள். நான்தான். கவரில் போட்டுக் கவுண்டரில் கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம், எப்போதும் அப்படித்தான். ஆனால் கவரைக் கையில் வைத்துக்கொண்டு வரவேற்புக்குப் போனேன். பிரம்மசக்தி எழுந்து நின்றாள், பொன்னுத்துரையைப் போலவே. என் உயரம்தான் இருப்பாள், மூக்கில் ஒரு சின்ன சிவப்புக் கல். "ஒண்ணும் இல்லல்லா மேடம்?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள்ளேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள், ஒன்றும் இல்லை என்பதற்கு உண்டான சிரிப்பு, தயாராக வைத்திருந்திருக்கிறாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் வேறு பதில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒண்ணும் இல்லம்மா. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "தெரியலம்மா" என்றேன். "ஒரு துண்டு சரியில்லாம இருக்கு. அது உன்னோடதான்னு எனக்குத் தெரியல. எங்க லேபுல தப்பு நடந்திருக்கலாம். நடக்காமலும் இருந்திருக்கலாம். இன்னொரு தடவ எடுத்துப் பாக்கணும். திங்கக்கிழம வந்திரணும், தள்ளிப் போடக் கூடாது. ஊசி இப்ப வேண்டாம்." சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது, எடுத்து வைக்க மறந்துபோன மாதிரி. "மேடத்துக்கே தெரியலையா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. அதற்குள் அவள் பையில் போன் அடித்தது. எடுத்து, ஒரு விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பளிச்சென்று ஒரு குரலில், "ஆமா அத்தை, வாங்கிட்டேன். ஒண்ணும் இல்லையாம். சுத்தமா இருக்காம். பஸ் ஏறுதேன் அத்தை" என்றாள். வைத்துவிட்டுக் கவரை வாங்கி, பிரிக்காமல், மஞ்சள் பைக்குள் தண்ணீர் பாட்டிலுக்கும் அடியில் வைத்தாள். "பிரம்மசக்தி, திங்கக்கிழம கண்டிப்பா வந்..." என்று ஆரம்பித்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள், "வந்திருதேன் மேடம்" என்றாள்.